ஒன்பதாவது பாரா

அத்தியாயம் 17

போன வாரம் பால்சாமி கேக் வெட்டியதோடு நிறுத்தியிருந்தோம். பின்னே என்ன, சும்மாவா? விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் முப்பது வருஷமாக ஃப்யூஸ் கட்டையும் பீங்கான் பொம்மையும் சுட்டுக்கொண்டிருந்த 'மதலேனா செராமிக்ஸ்' முதல்முறையாகக் கடல் தாண்டிச் சரக்கு அனுப்பியிருக்கிறதே! போலந்து நாட்டுக்கு அறுபது பீங்கான் உருளை. ரூம் ஹீட்டருக்குள்ளே கம்பி சுற்றுவதற்கு. எஸ்டேட் வாட்ச்மேன் வரைக்கும் கேக் கொடுத்துவிட்டு, கோணாங்குப்பம் மாதா கோயிலுக்கும் ஒரு நடை போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தார் மனிதர். மருமகள் நான்சிக்குக்கூட ஒரு பட்டம் கிடைத்தது. "எங்க எக்ஸ்போர்ட் மேனேஜரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அவளை வெட்கப்பட வைத்தார்.

அந்த எக்ஸ்போர்ட் மேனேஜர்தான், சரக்கு போய் ஒரு மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ஆபீஸ் அறையைத் திறந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

மனசு அப்போதே சரியில்லை. காலையில் கணவன் ஜூடு தட்டில் இரண்டு இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருந்தான். "கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் போயிட்டு வரேன்" என்றான். என்ன வேலை என்று அவள் கேட்பதற்குள் பைக் தெருமுனை திரும்பிவிட்டது.

மெயில் பெட்டியில் மேலாக மாரெக்கின் பெயர் இருந்தது. போலந்துக்காரர். இவர்களைப் போலவே குடும்பமாகச் சின்னப் பட்டறை வைத்து ஹீட்டர் செய்கிறவர். படிக்காத மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். இது மெலிந்த எழுத்தில் இருந்தது. மாமா போனில் பார்த்திருப்பார் என்று நினைத்தபடியே திறந்தாள்.

ஆறு வரி. இங்கிலீஷில்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி எடுத்து வைத்தது போல இருந்தது.

'எங்கள் வீட்டில் தீப்பிடித்தது. உங்கள் பீங்கான் சூட்டில் உடைந்தது. என் மகள் ஹன்னாவுக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது, ஒன்பது வயது, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என் போன் எரிந்துவிட்டது, தங்கையின் கம்ப்யூட்டரில் எழுதுகிறேன். இது உடையும் என்று உங்களுக்கு முன்பே தெரியுமா? ஆம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்.'

"சேசுவே!" என்று வாய்விட்டுச் சொன்னாள் நான்சி.  மறுபடி படித்தாள். மறுபடியும் அதே ஆறு வரிதான்.

"மாமா! மாமா! இங்க வாங்களேன்!"

பால்சாமி பேப்பரை மடித்தபடியே வந்தார். அறுபத்தெட்டு வயது, இன்றைக்கும் இஸ்திரி போட்ட சட்டை. "என்னாம்மா, ரெண்டாவது ஆர்டரா?" என்று சிரித்துக்கொண்டே கண்ணாடியை மாட்டினார். படித்தார். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

"பச்சப் புள்ள" என்றார். 

"மாமா, நாம போட்ட மெயில எடுங்க."

பால்சாமியிடம் ஒரு பழக்கம். போகிற மெயில், வருகிற மெயில் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, ஓட்டை போட்டு, பச்சை ஃபைலில் கோத்து வைப்பார். கம்ப்யூட்டரில் இருப்பது அவருக்கு இருப்பதாகவே கணக்கில்லை. ஃபைலைப் புரட்டினார். ஜனவரி பதினெட்டாம் தேதித் தாள் வந்தது. தலைப்பு: 'திருவிழா வாழ்த்துகள்'.

அந்த மெயிலின் கதை நான்சிக்கு எழுத்து எழுத்தாகத் தெரியும். மாத முடிவில் அங்கே ஒரு கண்காட்சி, அதற்குள் அறுபது உருளை வேண்டும் என்று கேட்டிருந்தார் மாரெக். முழுச் சூடு கொடுத்து எடுக்க இன்னும் பத்து நாள் ஆகும். 'பத்து நாள் பொறுங்கள்' என்று எழுதினால் தீர்ந்தது. ஆனால் ஒருவர் கேட்டு 'முடியாது' என்று சொல்ல பால்சாமியின் வாய்க்கு வராது. கடன் கேட்டு வருகிறவனையே காப்பி கொடுத்துத்தான் அனுப்புவார். சரி என்று எழுதச் சொல்லிவிட்டார். ஜூடு சூளையைப் பாதிச் சூட்டிலேயே நிறுத்தி, ஆறவைத்து, உருளைகளை எடுத்துப் பெட்டி கட்டினான். பார்வைக்குப் பளபளவென்று இருந்தது. உள்ளே வேகவில்லை.

கண்காட்சியில் சும்மா நிற்கப் போகிற ஹீட்டர்தானே, அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க மட்டும்தானே, பிறகு நல்ல சரக்கு அனுப்பிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சமாதானம் சொல்லிக்கொண்டார்கள்.

நான்சி முதல் வரியிலேயே எழுதினாள்: 'இவை அளவு பார்க்க மட்டும். மின்சாரம் கொடுக்காதீர்கள்.' கல்யாணத்துக்கு முன்னால் பாண்டிச்சேரியில் இரண்டு வருஷம் வெளிநாட்டுக் கடிதப் போக்குவரத்து பார்த்தவள். சொல்ல வேண்டியதை முதலில் சொல், ஒரு வரிக்கு ஒரு விஷயம், சின்னச் சொல்லாகப் போடு என்று அங்கே தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை ஒரு தாளில் எழுதி இந்த அறைச் சுவரிலும் ஒட்டியிருந்தாள். ஜூடு அதைப் பார்த்து, "தந்தி ஆபீசா நடத்துற?" என்று கிண்டல் பண்ணியிருந்தான்.

பால்சாமிக்கோ தூக்கிவாரிப் போட்டது. "எடுத்த எடுப்புல 'குடுக்காதீங்க'ன்னா எழுதுவாங்க? ஒருத்தர் வூட்டுக்குப் பொண்ணு பாக்கப் போறோம். வாசப்படி மிதிக்கிறப்பவே 'உங்க வூட்டுச் சுவரு வெடிச்சிருக்குது'ன்னு சொல்லுவியா? ஒக்காந்து, நாலு வார்த்த பேசி, எழுந்திருக்கிறப்பதான் மெல்லச் சொல்லணும்."

மெல்லத்தான் சொன்னார். முதல் பாராவில் சரக்கு புறப்பட்ட நற்செய்தி. இரண்டாவதில் மாதாவுக்கு நன்றி. மூன்றில் தேர் பவனி, நான்கில் போலந்து மக்களின் பக்தி, ஐந்தில் கம்பெனி பிறந்த கதை. ஆறாவது பாரா முழுக்க விருத்தாசலத்து வெயில். ஏழில் மாரெக் வீட்டு சுகம் விசாரிப்பு, எட்டில் குடும்பத்தோடு வந்து தங்கிப் போகும்படி அழைப்பு. ஒன்பதாவது பாராவில்: 'மேற்படி உருளைகள் தற்சமயம் அளவு நிமித்தமே என்பதைத் தாங்கள் அன்புகூர்ந்து மனதில் கொள்ளுமாறு மிகவும் தாழ்மையுடன் வேண்டுகிறோம்.'

மின்சாரம் என்ற பேச்சே இல்லை. கீழே ஆசீர்வாதம்.

'அழகான கடிதம். என் மனைவிக்குத் தேர் மிகவும் பிடித்தது. அளவு சரியாக இருக்கிறது' என்று மாரெக் பதில் போட்டபோது நான்சியும் நிம்மதியாகத் தூங்கினாள். புரிந்துகொண்டுவிட்டார் என்றே நம்பினாள்.

"ஒம்போதாவது பாரா வரைக்கும் அவரு வரவே இல்ல மாமா" என்றாள் இப்போது. "அவருக்கும் இங்கிலீஷ் சொந்த பாஷ இல்ல. நமக்கும் இல்ல. போன்ல போட்டு ஒவ்வொரு வரியா அவங்க பாஷைக்கு மாத்திப் படிக்கிறாரு. தேரும் திருவிழாவும் வரவும், இது வாழ்த்துக் கடுதாசின்னு வச்சிட்டாரு."

"சொல்லியிருக்கோமில்ல? எழுத்துல இருக்குதில்ல?" பால்சாமி அந்த ஒன்பதாவது பாராவை விரலால் குத்திக் குத்திக் காட்டினார்.

"இருக்குது. யாரு கண்ணுக்கும் தெரியாம இருக்குது."  மாமாவைச் சொல்லி என்ன? அவர் சொல்லச் சொல்ல டைப் அடித்த கை இவளுடையது. தப்பு என்று தெரிந்தும் அடித்தாள், புகுந்த வீட்டில் நல்ல பேர் வேண்டும் என்று அடித்தாள். அந்தக் கையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சத்தம் கேட்டு மாமியார் மதலேனா வந்தாள். பின்னாலேயே பூங்கோதையும் வந்து நின்றாள். ஷெட்டில் சுட்ட சரக்கைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவள் அவள்தான். காதாலேயே விரிசலைக் கண்டுபிடிப்பாள். நான்சி விஷயத்தைச் சொன்னாள்.

"ஐயோ, புள்ளைக்கா?" பூங்கோதை தலையில் கை வைத்துக்கொண்டாள். "நான் அன்னிக்கே சொன்னேங்க மொதலாளி. தட்டுனா டப்பு டப்புங்குது, டங்குன்னு கேக்கலன்னு சொன்னேன். அளவு பாக்கத்தானேன்னு சின்னவரு சொன்னாரு."

"சொன்ன, சொன்ன. இல்லேங்கல" என்றார் பால்சாமி, தரையைப் பார்த்தபடி.

பூங்கோதை விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். "நான்சிம்மா, ஒரு ஹீட்டருக்கு எத்தினி உருள போடுவாங்க?"

"நாலு."

"அப்ப அறுவதுக்குப் பதினஞ்சு ஹீட்டரு. ஒண்ணு எரிஞ்சுப்போச்சு." அவள் நிமிர்ந்தாள். "பாக்கி பதினாலு எங்க இருக்குது?"

நான்சி காலண்டரைப் பார்த்தாள்.  கண்காட்சி முடிந்துவிட்டது, எல்லாம் விற்றுப் போயிருக்கும். பதினான்கு ஹீட்டரும் யார் யார் வீட்டிலோ! அங்கே பனி. இந்த நிமிஷம் எந்தெந்தப் பிள்ளை எந்தெந்த ஹீட்டர் பக்கத்தில் படுத்திருக்கிறதோ!

அவள் ஜூடுவுக்குப் போன் போட்டாள். சுவிட்ச் ஆஃப். மாரெக்கின் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள், எரிந்த போன் எப்படி எடுக்கும்? மெயில் ஒன்றுதான் வழி. அவர் தங்கை வீட்டுக் கம்ப்யூட்டரில், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைகிற நேரத்தில், தூக்கமில்லாத கண்ணோடு அதைப் பார்ப்பார்.

"எழுதும்மா" என்றார் பால்சாமி. எழுந்து நின்றுகொண்டார். "அன்புள்ள மாரெக் சகோதரருக்கு. தங்கள் கடிதம் கண்டு நாங்கள் குடும்பத்தோடு அடைந்த வேதனைக்கு..."

"மாமா, நிறுத்துங்க."

"என்னாது?"

"வேதன அப்புறம். மொத வரியில 'எல்லா ஹீட்டரையும் இப்பவே நிறுத்துங்க'ன்னு போடணும்."

பால்சாமிக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வீட்டில் மருமகளிடம் அவர் குரல் உயர்ந்தது இதுதான் முதல் தடவை. "புள்ள கையி வெந்து ஆஸ்பத்திரியில கெடக்குது! ஆறுதலா ஒரு வார்த்த வராதா ஒனக்கு? கட்டள போடுறியா? நம்மள மனுசங்கன்னு நெனப்பாங்களா?"

"ஆறுதலப் படிச்சிக்கிட்டிருக்கிற நேரத்துல இன்னொரு வூடு எரிஞ்சா என்னா பண்ணுவீங்க?" நான்சியும் விடவில்லை.  "எட்டு பாரா மரியாத குடுத்தோம் மாமா. அந்த மரியாதையிலதான் புள்ள கையி வெந்துச்சு."

பால்சாமி கன்னத்தில் அறை வாங்கியவர் போல நின்றார்.

நான்சி பழைய மெயிலுக்குப் பதிலாக எழுதாமல் புதிதாக ஒன்றைத் திறந்தாள். இனி எதுவும் திருவிழா வாழ்த்துக்குக் கீழே போகக்கூடாது. தலைப்பிலேயே அடித்தாள்: 'ஆபத்து. மீதி 14 ஹீட்டரையும் நிறுத்துங்கள்.' கீழே: 'நாங்கள் அனுப்பிய உருளைகள் முழுதாகச் சுடாதவை. சூட்டில் உடையும். பதினைந்து ஹீட்டரில் ஒன்று எரிந்தது. மற்ற 14 வீட்டுக்கும் இப்போதே போன் செய்யுங்கள்.'

அடுத்த வரியில் கை நின்றது. தெரியுமா, ஆமா இல்லையா என்று கேட்டிருந்தார் அல்லவா?

"அத எழுதாத" என்றார் பால்சாமி மெதுவாக. இப்போது குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. "நிறுத்தச் சொல்லிட்டல்ல, போதும். 'ஆமா'ன்னு எழுதினா அது கையெழுத்து போட்டுக் குடுத்த மாதிரி. கேசு வரும். கம்பெனிய மூடணும். இங்க இருவத்தி ரெண்டு பேரு வேல பாக்குறாங்க. ஒங்க மாமியாரு பேர வச்ச கம்பெனிம்மா இது."

பூங்கோதை தலை குனிந்து நின்றாள். இருபத்திரண்டில் அவளும் ஒருத்தி.

மதலேனாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, மெயில் தெரியாது. கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள். "அந்தாளு என்னா கேக்குறாரு?"

"நமக்கு முன்னாடியே தெரியுமான்னு கேக்குறாரு அத்த."

"தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப அதச் சொல்லு. எம் பேர வேணா அழிச்சிக்கலாம்." புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெத்தவன் கேக்குறான். அவனுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போறீங்க?"

பால்சாமி மனைவியைப் பார்த்தார்.  பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "அனுப்பு" என்றார்.

நான்சி அடித்தாள்: 'ஆம். எங்களுக்குத் தெரியும். நாங்கள் தெளிவாக எழுதவில்லை. தவறு எங்களுடையது. ஹன்னாவுக்காக அழுகிறோம்.' கடைசி வரி மட்டும் மாமாவுக்காக. மணி பத்து ஐம்பது. அனுப்பினாள்.

அதற்கப்புறம் காத்திருந்ததுதான் பெரும்பாடு. பால்சாமி சூளைப் பக்கம் போய் நின்றார். எரிகிற சூளையை முழுச் சூடு வரும் வரைக்கும் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். மதலேனா ஜெபமாலையோடு ஆபீஸ் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்சி நிமிஷத்துக்கு ஒரு தரம் திரையைப் புதுப்பித்தாள். ஜூடுவின் போன் இன்னும் ஆஃப். ஆத்திரமாக வந்தது அவளுக்கு. வீடே தலைகீழாகக் கிடக்கிறது, இந்த மனுஷன் எந்த மரத்தடியில் உட்கார்ந்து டீ குடிக்கிறான்?

பன்னிரண்டு மணி ஐந்து நிமிஷத்துக்குப் பதில் வந்தது. எல்லோரும் ஓடி வந்தார்கள். நான்சி உரக்கப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"நன்றி. இந்தக் கடிதம் எனக்கு உடனே புரிந்தது. பதிமூன்று வீட்டில் ஹீட்டரை நிறுத்திவிட்டார்கள். பதினாலாவது வீட்டில் வயதான தம்பதி, போன் எடுக்கவில்லை. ஆள் அனுப்பியிருக்கிறேன்."

"மாதாவே, தாயே!" என்றாள் மதலேனா.

"இன்னும் இருக்குது அத்த." அடுத்த வரியைப் படித்த நான்சியின் குரல் இறங்கிக்கொண்டே போனது. "'ஆனால் உங்கள் முகவரியிலிருந்து எனக்கு இன்று இரண்டு கடிதம் வந்திருக்கிறது. முதல் கடிதம் எங்கள் நேரம் நாலே முக்காலுக்கு வந்தது. அது இல்லை என்கிறது. இரண்டாவது ஆம் என்கிறது. முதல் கடிதத்திலேயே ஹீட்டரைப் பற்றிச் சொல்லியிருந்தால் எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்திருக்கும். அதை எழுதியது யார் என்று ஹன்னாவின் அம்மா கேட்கிறாள்.'"

"மொத கடுதாசியா? நாம ஒண்ணுதானே போட்டோம்?" என்றார் பால்சாமி.

நான்சி அனுப்பிய மெயில்களின் பெட்டியைத் திறந்தாள். மேலே அவளுடையது, பத்து ஐம்பது. அதற்குக் கீழே இன்னொன்று. காலை ஒன்பது பன்னிரண்டு. போனிலிருந்து போயிருந்தது.

'இல்லை. எங்களுக்குத் தெரியாது.'

அவ்வளவுதான். வணக்கம் இல்லை, மாதா இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. முதல் வரியில் விஷயம், சின்னச் சின்னச் சொல். அவள் சுவரில் ஒட்டிய பாடத்தை அப்படியே பார்த்து எழுதியது போல இருந்தது. காலையில் அந்த மெயில் மெலிந்த எழுத்தில் இருந்ததே, அது ஏன் என்று இப்போதுதான் உறைத்தது. மாமா அதைப் படிக்கவே இல்லை. இந்த முகவரி இருக்கிற இன்னொரு போன் ஒரே ஒரு ஆளிடம்தான் இருக்கிறது. தட்டில் மிச்சம் வைத்த அந்த இரண்டு இட்லி அவள் கண்முன் வந்து நின்றது.

தெரிந்தே! அந்தப் பிள்ளையின் கையைப் பற்றிப் படித்துவிட்டு! 

வெளியே பைக் சத்தம். ஜூடு ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே உள்ளே வந்தான். நான்கு பேரும் ஒரே பக்கம் பார்ப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றான்.

"என்னா எல்லாரும் இங்க நிக்கிறீங்க? மெயிலு ஏதாச்சும் வந்துச்சா?"

நான்சி திரையை அவன் பக்கம் திருப்பினாள். "வந்துச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், ஆமாவா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க. காலையில பதில் போட்டது நீங்கதானா?"

ஜூடு அப்பாவைப் பார்த்தான். அம்மாவின் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்தான். நெற்றி வேர்வையைத் துடைத்தான். "நான்சி, மொதல்ல உக்காரு. வெயில்ல அலைஞ்சிட்டு வந்திருக்கேன், ஒரு தண்ணி குடிச்சிட்டு, ஆரம்பத்துலேர்ந்து எல்லாத்தயும் வெவரமா சொல்லுறேன், அதாவது அன்னிக்கி சூளையில என்னா ஆச்சுன்னா..."

அப்படியே அவன் அப்பா. முதல் பாராவில் இருக்கிறான், ஒன்பதாவது பாரா எப்போது வருமோ.

அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே திரையில் புதிய மெயில் ஒன்று வந்து விழுந்தது. மாரெக்கிடமிருந்து. தடித்த எழுத்தில் தலைப்பு மட்டும் தெரிந்தது: 'பதினாலாவது வீடு.'

நான்சியின் கை மவுஸ் வரைக்கும் போய் நின்றது.